ஸ்லோ நிக்கல

கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் ஒரு வண்டி நின்றுபோனால் அதற்கு வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. ஓட்டுகிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். செந்தமிழ்ச்செல்வியின் பழைய வெள்ளைக் கார் அந்தப் புதன்கிழமை காலையில் சிக்னலில் உயிரை விட்டபோதும் அப்படித்தான் வந்தார்கள்.

"கிளட்ச மிதிம்மா" என்றார் ஒருவர்.

"நியூட்ரல்லதாங்க கீது."

"அப்ப கிளட்ச வுடும்மா" என்றார் இன்னொருவர்.

கியரிலேயே இல்லாத வண்டிக்குக் கிளட்சை மிதித்தால் என்ன, விட்டால் என்ன. அதை நடுரோட்டில் நின்று யாருக்கு விளக்குவது? பக்கத்து இருக்கையில் இருந்த அவளுடைய கணவன் அய்யப்பன் விளக்கியிருக்கலாம். அவனோ கண்ணாடியை இறக்கி, கூடியிருந்தவர்களைப் பார்த்து, கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறவனைப் போல ஒரு சிரிப்பு சிரித்தான்.

"புதுசா ஓட்றாங்க. அதான்."

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. நோய் என்னவென்று தெரிந்துவிட்டது அல்லவா. செல்வி சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினாள். வண்டி எழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தவர்களின் வாழ்த்துகளோடு அவள் சந்திப்பைக் கடந்தாள்.

அவள் ஓட்டுநர் உரிமத்தை முதல் தடவையிலேயே வாங்கியவள். அய்யப்பன் மூன்றாவது தடவை வாங்கினான், அதுவும் டிரைவிங் ஸ்கூல்காரர் ஆய்வாளரிடம் உருக்கமாகப் பேசிய பிறகு. ஆனால் குடும்பத்தில் ஓட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் அய்யப்பன்தான். அதற்கு ஒரு அசைக்க முடியாத ஆதாரமும் இருந்தது. அவன் ஓட்டினால் வண்டி நிற்பதில்லை.

இதுதான் செல்வியை வதைத்தது. சனி, ஞாயிறுகளில் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு எலவனாசூர்கோட்டை நிலத்தைப் பார்க்கப் போவான், வருவான். வழியில் எங்கே நிறுத்தினாலும் எஞ்சின் பூனைபோல முனகிக்கொண்டு காத்திருக்கும். திங்கட்கிழமை அவள் கைக்கு வந்தால் லேசாகத் தும்மும். செவ்வாய்க்கிழமை திணறும். புதன்கிழமை கால் எடுத்த இடத்தில் செத்துப்போகும். வண்டிக்கு ஆண், பெண் பேதம் தெரிகிறது என்று அவளே ஒரு கட்டத்தில் நம்பத் தொடங்கியிருந்தாள்.

வண்டியை வாங்கியதே அவள் வேலைக்காகத்தான். கரியாலூரில் மலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் கொள்முதல் கூடம் ஒன்று இருக்கிறது. சாமை, தேன், கடுக்காய், புளி எல்லாம் வரும். வருகிற சரக்கில் ஈரம் எவ்வளவு, கலப்பு உண்டா என்று பார்த்துத் தரம் சொல்வது செல்வியின் பொறுப்பு. சாமையைக் கையில் அள்ளிய உடனேயே அது எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை வெயில் கண்டது என்று அவளுக்குத் தெரியும். ஈரம் அளக்கும் மீட்டர் பிறகுதான் அதை ஒப்புக்கொள்ளும். அந்த வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலை பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னால் ஏதோ கெட்ட பழக்கத்தைச் சொன்னதுபோலப் பார்ப்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

அடுத்த மாதத்திலிருந்து கூடத்தை விடிந்ததும் திறக்கப்போகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் சுமையை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று மலைப் பெண்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற முதல் பஸ்ஸுக்கு அந்த நியாயம் புரியாது. அது தன் சௌகரியம்போல் கச்சிராயபாளையத்தில் டீ குடித்து, கோமுகி அணைப் பக்கம் இளைப்பாறி, வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேரும். காலையில் வர முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று கூடத்தின் தலைவி கோகிலவாணி வருத்தத்தோடுதான் சொன்னாள். வருத்தத்தோடு சொன்னாலும் வேலை போனால் போனதுதான்.

ஆகவே கார். சின்னசேலத்தில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து வாங்கியது. கார்புரேட்டர் காலத்து வண்டி, ஆனால் அவர் அதைப் பெற்ற பிள்ளையைப்போல வைத்திருந்தார். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் அய்யப்பன் பூசை போட்டான். அவன் பூசையில் குறை வைக்கிற ஆள் இல்லை. தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதுகூட ராகுகாலம் பார்த்துக் கிழிப்பவன். சக்கரத்துக்கு எலுமிச்சை, கண்ணாடிக்குத் திருநீறு, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கே சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சூடம். விதைக்கடையில் வேலை பார்க்கும் அவன், முளைக்காத விதையைப் பற்றி விவசாயிகள் கேட்டால் காட்டாத அக்கறையை அன்றைக்கு அந்த எஞ்சினிடம் காட்டினான். அதற்குப் பிறகும் விடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையிலும் பானெட்டைத் திறந்து புதிதாகச் சந்தனம் அப்பி, பொட்டு வைத்து மூடுவான். பழைய சந்தனத்தைத் துடைக்கக் கூடாதாம். அதுவே உதிர வேண்டுமாம். உதிர்வதற்கு அவன் விட்டால்தானே.

சந்திப்பில் நின்ற அன்றைக்குச் சாயங்காலமே விஷயம் வீட்டுக்குள் தீர்ப்புக்கு வந்தது. மாமனார் கொளஞ்சியப்பன்தான் நீதிபதி. எலவனாசூர்கோட்டை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து இருக்கிறார். காலமெல்லாம் டிராக்டர் ஓட்டியவர் என்பதால் சக்கரம் வைத்த எதைப் பற்றியும் கருத்துச் சொல்வார், அம்மிக்குச் சக்கரம் இருந்தால் அதைப் பற்றியும் சொல்வார்.

"இன்னாம்மா செல்வி, நடுரோட்ல நிறுத்திட்டியாமே."

"நான் நிறுத்தல மாமா. அதுவா நின்னுடுச்சி."

"இவன் ஓட்டனா நிக்கல. நீ ஓட்டனா நிக்கிது. அப்ப எதுல கோளாறு?"

"பிரேக்கும் கல்லாட்டம் கீது மாமா. அழுத்தி மிதிக்க வேண்டிகீது. ரெண்டும் சேந்தாப்புலதான் வருது."

"அது பொம்பள காலும்மா. பலம் கம்மி."

இடது காலுக்குக் கிளட்ச் தெரியாது, வலது காலுக்குப் பலம் இல்லை. மூன்றாவதாக ஒரு கால் இருந்திருந்தால் அதிலும் ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள். அய்யப்பன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "மலை ரோடுப்பா. கொண்ட ஊசி வளைவுல நின்னுச்சின்னா இன்னா பண்றது? வேலய வுட்டுட சொல்லு" என்றான். அவள் பக்கமே திரும்பவில்லை.

வேலையை விட்டுவிடச் சொல்வது அவனுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. செல்விக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் பெண் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"மெக்கானிக்குகிட்ட காட்டறேன் மாமா. சரி பண்ணிட்டு வந்து உங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கினு கரியாலூருக்கு நானே ஓட்றேன். அப்பவும் நின்னுச்சின்னா பேசுங்க."

கொளஞ்சியப்பனுக்கு இந்த மாதிரி பந்தயங்கள் பிடிக்கும். "அடுத்த புதன்கிழம உனக்கு லீவுதான? அன்னிக்கி போவலாம். ஒரு தடவ நின்னாலும் சாவிய இவன்கிட்ட குடுத்துடணும். வேலயயும் வுடறேன்னு எழுதி குடுத்துடணும். சரியா?"

"சரி மாமா."

சொன்ன பிறகுதான் வேலையையே பந்தயம் வைத்திருப்பது புரிந்தது.

மறுநாள் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் செல்லமுத்துவின் பட்டறைக்குப் போனாள். செல்லமுத்து பானெட்டைத் திறந்தார். திறந்ததும் கை இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஞ்சினுக்குப் பின்பக்கம் சாமந்திச் சருகுக்கு நடுவே சந்தனம் உருண்டையாக, குங்குமப் பொட்டோடு, சிவப்புக் கயிறு சுற்றி, ஒரு சின்ன அம்மன்போலவே உட்கார்ந்திருந்தது.

"நல்லா பூச போட்டுக்கினு கீறீங்க" என்று பாராட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். "ஸ்லோ நிக்கல."

இது ஒரு விசித்திரமான பாஷை. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானாக மெதுவாக ஓடுவதற்குப் பெயர் ஸ்லோ. அந்த ஓட்டம் நிலைக்கவில்லை என்றால் பட்டறையில் 'ஸ்லோ நிக்கல' என்பார்கள். அதனால் வண்டி நின்றுவிடும். ஆக, நிற்காததால் நிற்கிறது. வீட்டில் 'நிக்கிது' என்கிறார்கள், பட்டறையில் 'நிக்கல' என்கிறார்கள், இரண்டும் ஒரே வியாதி. கொளஞ்சியப்பனிடம் போய் 'மெக்கானிக் நிக்கலன்னு சொல்லிட்டாரு மாமா' என்றால் பந்தயத்தை அங்கேயே ஜெயித்துவிடலாமோ என்று செல்வி ஒரு கணம் யோசித்தாள்.

செல்லமுத்து பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் காற்றடித்து மாட்டினார். வண்டி தும்மியது. காற்றைக் குறைக்கிற சோக்கைக் கொஞ்சம் இழுத்தார், ஒழுங்காக ஓடியது. தள்ளினார், திணறியது.

"சோக் போட்டா ஸ்லோ நிக்கிது. அப்ப பெட்ரோலு கம்மியில்ல, காத்து ஜாஸ்தி. எங்கயோ காத்து வாங்குதும்மா."

காற்று வாங்குவதற்கு ஊரெல்லாம் கரியாலூர் போகிறது. இந்த வண்டி மட்டும் போகிற வழியிலேயே வாங்கிவிடுகிறது.

"எங்கன்னு பாக்க முடியாதாங்க?"

"ஓஸ் ஒண்ணொண்ணா பாக்கணும்." ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழுத்தினார், திருகினார், கிளிப்பை இறுக்கினார். சந்தன உருண்டைக்கு அடியில் போகிற தடித்த ஓஸின் இரண்டு முனைகளையும் ஆட்டிப் பார்த்தார். "இதுவும் டைட்டாதான் கீது."

"நடுவுல பாக்கலியே. அந்தச் சந்தனத்த எடுத்துட்டு பாருங்க."

செல்லமுத்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சாமி வெச்ச எடம்மா அது. நான் கைய வெச்சி, நாளிக்கி உங்களுக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா என் தலைலதான் வுழும். வூட்ல கேட்டுக்கினு வாங்க."

கார்புரேட்டரைக் குடல் குடலாக உருவிப் போட்டவருக்குச் சந்தனத்தைத் தொட மட்டும் துணிச்சல் இல்லை. பதிலுக்கு ஒரு திருகாணியைத் திருகி ஸ்லோவைத் தூக்கிவிட்டார். வண்டி மாவு மில்போல இரைந்தது. ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே முதல் கியரில் தெருவைத் தாண்டியது. வீட்டு வாசலில் கேட்ட கொளஞ்சியப்பனுக்குப் பரம திருப்தி. "இப்பதாண்டா வண்டி வண்டியா கீது" என்றார். டிராக்டர் சத்தம் எங்கிருந்து வந்தாலும் அவருக்கு அது சங்கீதம்.

வெள்ளிக்கிழமை மாலை அய்யப்பன் வழக்கம்போலச் சந்தனம் அப்பினான். சனி, ஞாயிறு அவன் ஓட்டினான். அப்படியொரு இரைச்சலோடு, ஆனால் நிற்காமல், போய் வந்தான். "என் கைக்கு ஒழுங்காதான் கீது" என்று சாவியை ஆணியில் மாட்டினான். திங்கட்கிழமை அவள் எடுத்தாள். தும்மல் தொடங்கிவிட்டது. அவ்வளவு தூக்கி வைத்த ஸ்லோவும் செவ்வாய்க்கிழமை காலையில் வாசலிலேயே தடுமாறியது. பந்தயம் மறுநாள்.

செல்வி வண்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவனைப் பார்த்து வண்டி நிற்குமா? சாமை ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் ஈரமாகவும் வந்தால், கொண்டுவந்தவளின் முகத்தையா பார்ப்பாள்? நேற்று மழையா என்று அல்லவா கேட்பாள். சனி, ஞாயிறு நன்றாக ஓடுகிறது. அதற்கு முந்தைய நாள் என்ன நடக்கிறது?

வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஈரச் சந்தனம்.

உள்ளே போய்த் துணி தேய்க்கும்போது தண்ணீர் அடிக்கும் பாட்டிலை எடுத்துவந்தாள். எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் தூக்கினாள். ஓட்டை இருந்தால் அது காற்றை வெளியே விடாது, உள்ளே இழுக்கும். தண்ணீர் பட்டால் தண்ணீரையும் இழுக்கும், சத்தம் மாறும். ஒவ்வொரு ஓஸாக அடித்துக்கொண்டே வந்தாள். சத்தம் மாறவில்லை. காய்ந்துபோன சந்தன உருண்டையில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. அதன்மேல் அடித்தாள்.

தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் நிதானமாகியது. ஈரம் உறிஞ்சப்பட்டதும் மறுபடி தடுமாறியது. இன்னொரு தடவை அடித்தாள். மறுபடி நிதானம். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரே சேர்ந்து அவள் காலைப் பழித்துக்கொண்டிருந்தபோது, வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது வாரத்துக்கு ஒரு உருண்டைச் சந்தனம்.

எஞ்சினை அணைத்து, பழைய கரண்டி ஒன்றால் சந்தனத்தைச் சுரண்டத் தொடங்கினாள். சத்தம் கேட்டு அய்யப்பன் பல் துலக்கிக்கொண்டே வந்தான். பார்த்ததும் நுரையைத் துப்பிவிட்டு ஓடிவந்தான்.

"ஏய், அத்த தொடாத. செல்வி, சொன்னா கேளு."

"ஏங்க தொடக் கூடாது?"

"சாமி காரியம்."

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. காய்ந்த சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் தடித்த கறுப்பு ஓஸ். அதன் நடுவில் உருகி வளைந்த உதடுகளோடு, விரல் நுனி நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். சுற்றிலும் கருகிய ஒரு வெற்றிலைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்வி பொத்தலைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அய்யப்பன் டூத் பிரஷைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி பூச போட்டப்ப" என்று மெதுவாக ஆரம்பித்தான், "வெத்தலைல சூடம் ஏத்தி எஞ்சின் மேல வெச்சேன். வெத்தல எரிஞ்சி, சூடம் சரிஞ்சி இது மேல வுழுந்துடுச்சி."

"எரியறப்பவா?"

"ம்."

"யார்கிட்டயும் சொல்லல."

"மொத பூசையிலயே சூடம் வுழுந்தா நல்ல சகுனமா? சொன்னா நீ பயந்துக்குவ. அப்பாவுக்கு தெரிஞ்சா வண்டியே வாணாம்னுடுவாரு. அதான் சந்தனத்த அப்பி மூடிட்டேன். தோசம் கழியட்டும்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம..." குரல் கம்மியது. "நீ இத்த எடுத்துக்கினு மலைக்கி போறன்னதும் எனக்கு தூக்கமே இல்ல. எதுனா ஆயிடும்னு பயம். அதான் வேலய வுட சொன்னேன்."

"எரியற சூடம் ரப்பர் மேல வுழுந்துதுங்க. அதுக்கு பேரு சகுனம் இல்ல. ஓட்ட."

அய்யப்பன் விரலால் பொத்தலின் உதட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இது பிரேக்குக்கு போற ஓஸு. எஞ்சின் இழுக்கற காத்துலதான் பிரேக் லேசாவும். அதான் கல்லாட்டம் இருந்துது. என் கால்ல பலம் இல்லன்னீங்க. சந்தனத்த நம்பி நாளிக்கி மலையிறங்க இருந்தோம்."

அய்யப்பன் முகம் வெளிறிவிட்டது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வாரம் சந்திப்பில் கண்டவனெல்லாம் வந்து சொன்ன அறிவுரை, மாமனாரின் நையாண்டி, இவனுடைய மன்னிப்புச் சிரிப்பு, எல்லாம் ஒன்றாக நெஞ்சில் எரிந்தன. உண்மையிலேயே தூங்காமல் பயந்துகொண்டிருந்தான் என்பதில் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கோபம்தான் ஜாஸ்தி. ஆபத்து வந்துவிடுமே என்று பயந்தவன் ஆபத்தை எடுத்துப் பார்க்காமல் பொட்டு வைத்து மூடியிருக்கிறான். பழியை மட்டும் அவள்மேல் திறந்து வைத்திருக்கிறான்.

"உங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சொன்னான். கொளஞ்சியப்பன் பொத்தலைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே நெனச்சேன். வண்டிலதான் கோளாறுன்னு" என்றார். எப்போது நினைத்தார் என்று கேட்பதில் பயனில்லை. நினைப்பதற்குச் சாட்சி தேவையில்லை அல்லவா.

செல்லமுத்துவும் நினைத்திருந்தார். புது ஓஸை மாட்டிக்கொண்டே, "காத்து வாங்குதுன்னு நான்தான சொன்னேன்" என்று பெருமையாகச் சொன்னார். தூக்கிவிட்ட ஸ்லோவைப் பழையபடி இறக்கினார். எஞ்சின் மெல்லிய சத்தத்தோடு நிலையாக ஓடியது. செல்வி பிரேக்கை மிதித்தாள். கால் வைத்த இடத்தில் மெத்தென்று இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். போதும் என்று தோன்றவே இல்லை.

புதன்கிழமை மூவரும் கிளம்பினார்கள். பந்தயத்தை ரத்து செய்வதாக யாரும் சொல்லவில்லை. கொளஞ்சியப்பன் பின் இருக்கையில் நடுவில் உட்கார்ந்து இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டார். அய்யப்பன் முன்னால். கள்ளக்குறிச்சி சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டீ கிளாஸோடு நின்றவர்கள் ஏமாற்றத்தோடு பார்த்தார்கள். கச்சிராயபாளையம் கடைத்தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று வழியை மறித்தது. நின்றாள். ஓடியது. கோமுகி அணையைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. காற்று குளிர்ந்தது. வளைவு வளைவாக அவள் கியரை மாற்றி ஏற ஏற, கொளஞ்சியப்பனின் தலை மெல்லப் பின்னுக்குப் போய் இருக்கையில் சாய்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்து மரங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கரியாலூருக்குக் கொஞ்சம் கீழே ஒரு செங்குத்தான வளைவு. மேலிருந்து பஸ் இறங்கியது. செல்வி ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டாள். பஸ் உரசுகிற மாதிரி கடந்து போனது. டிரைவர் அவளைக் குனிந்து பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அவர் என்ன சொன்னார் என்ற யோசனையிலேயே அவள் முதல் கியரைப் போட்டாள், ஹேண்ட் பிரேக்கை விட்டாள், காலை எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

பிரேக்கை அழுத்திக்கொண்டாள். வண்டி பின்னால் நகரவில்லை. காட்டுக்குள் ஏதோ ஒரு குருவி மட்டும் கத்தியது. ஒரு தடவை நின்றாலும் சாவி. ஒரு தடவை நின்றுவிட்டது.

முதலில் வாயைத் திறந்தது அய்யப்பன்தான். "வண்டிதாம்பா" என்றான் அவசர அவசரமாக. "புது ஓஸு இன்னும் செட்டாவல. அதுவா நின்னுடுச்சி. நான் பாத்தேன்." சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறக்க இறங்கப் போனான்.

கொளஞ்சியப்பனும் சம்மதிக்கத் தயாராகத்தான் இருந்தார். "வண்டின்னா வுடு. அத்த கணக்குல சேக்க வாணாம்."

அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். செல்வி பேசாமல் இருந்தால் போதும், சாவி அவளிடமே இருக்கும், வேலை இருக்கும், விடிந்ததும் சாமை வரும். ஒரு பொய்தான், அதுவும் அவள் சொல்லாத பொய். ஆனால் இத்தனை வாரமும் செய்யாத தப்புக்கெல்லாம் பேச்சு வாங்கியவள் அவள். இது அவள் செய்த தப்பு. முழுசாக அவளுடையது. அதைப் பாவப்பட்ட வண்டியின் தலையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"உக்காருங்க" என்றாள் கணவனிடம். "வண்டி நல்லாதான் கீது. நான்தான் கிளட்ச சீக்கிரம் வுட்டுட்டேன்."

கொளஞ்சியப்பன் தொண்டையைச் செருமினார். பந்தயம் பந்தயம்தான் என்று அவருக்குள் இருந்த நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப சாவிய இவன்கிட்ட..."

"குடுக்கறேன் மாமா. ஆனா இங்கருந்து மேல யாரு ஓட்றது?"

கொளஞ்சியப்பன் மகனைப் பார்த்தார். மகன் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தைப் பார்த்தான். மலையில் அவன் ஒரு நாளும் ஓட்டியதில்லை. சீட் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு, "கிளட்ச்ல யாருக்கும் நிக்கும்பா" என்றான் சின்னக் குரலில். "எனக்கு டெஸ்ட்லயே ரெண்டு தடவ நின்னுச்சி. அதான் மூணாவது தடவ போனேன்."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கொளஞ்சியப்பன் மகனின் பின்னந்தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மருமகளிடம், "சரி, எடும்மா. பொழுது ஏறுது" என்றார். சாவியைப் பற்றி மறுபடி பேசவில்லை.

செல்வி சாவியைத் திருகினாள். எஞ்சின் எழுந்து, கால் வைக்காமலேயே நிதானமாக ஓடியது. கிளட்சை இந்தத் தடவை மெதுவாக விட்டாள். வண்டி வளைவைச் சுற்றி மேலே ஏறியது. கரியாலூர் வரைக்கும் அதற்குப் பிறகு நிற்கவில்லை. நின்றிருந்தாலும் அவள்தான் மறுபடி எடுத்திருப்பாள்.